நுரையீரல் கெடாத எலி, குடல் அடைத்த பன்றி: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். டொராண்டோவில் லாப்-சீ சூய், ஜாக் ரியோர்டன், மிச்சிகனில் பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை அது. மரபணு கையில் கிடைத்துவிட்டது, இனி அதை முடக்கி ஒரு விலங்கை உருவாக்கிவிட்டால் நோய் எப்படித் தொடங்குகிறது என்று அருகில் இருந்தே பார்த்துவிடலாம் என்று பலரும் நம்பினார்கள். மூன்றே ஆண்டில், 1992இல், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் எலி பிறந்தது. குடல் அடைத்துக்கொண்டு பெரும்பாலான குட்டிகள் செத்துப்போயின. தப்பியவற்றின் நுரையீரலைப் பார்த்தால், அது நன்றாகவே இருந்தது.

இங்கேதான் சிக்கல். இந்த நோயில் குடல், கணையம், கல்லீரல், ஆண்களின் விந்துக்குழாய் எல்லாமே பாதிக்கப்படும். ஆனால் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோவது நுரையீரல்தான். கெட்டிச் சளி, அதில் குடியேறும் கிருமி, அடங்காத அழற்சி, விரிந்து சிதையும் மூச்சுக்குழாய்கள் என்று பல ஆண்டுகள் இழுத்தடிக்கும். இதன் தொடக்கத்தை எலி காட்டவில்லை. குழந்தைகளிடமும் பார்க்க முடியவில்லை. நோய் இன்னதென்று தெரிந்து, மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பார்க்கிற நாளில் கிருமியும் இருக்கும், அழற்சியும் இருக்கும். எது முன்னால் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

எலி பிறந்து 16 ஆண்டுகள் கழித்து, 2008 செப்டம்பரில், அமெரிக்காவின் அயோவா, மிசூரி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் அதே மரபணுவை முடக்கிய ஒரு பன்றியைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பன்றிதான் இந்த ஆய்வின் பொருள். அது எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதை வரிசையாகப் பார்க்கலாம். என் கணக்கில், மருந்தைச் சோதிக்கிற விலங்காக அது சாதித்ததைவிட, நோயின் முதல் நாளைக் காட்டிய விலங்காகச் சாதித்தது பல மடங்கு அதிகம். பெரிய விலங்கு மாதிரி என்றதும் 'அடுத்தது மருந்துதான்' என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

எந்த வாசல் அடைபடுகிறது

சிஎஃப்டிஆர் எனப்படும் இந்த மரபணு 7ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதிலிருந்து 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் உருவாகிறது. செல்லின் வெளிச்சவ்வில் நின்று குளோரைடையும் பைகார்பனேட்டையும் கடத்திவிடும் வாசல் அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்தால் அவர் நோயைச் சுமப்பவர். தானே அநேகமாக நலமாக இருப்பார். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர் இப்படிச் சுமப்பவர். நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் பிழைக்கு எஃப்508டெல் என்று பெயர். டிஎன்ஏவில் மூன்றே எழுத்துகள் விடுபட்டு, புரதத்தின் 508ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் இல்லாமல் போகிறது. அவ்வளவுதான். புரதம் ஒழுங்காக மடியாது; வெளிச்சவ்வுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே செல் அதைக் கழிவென்று அழித்துவிடும்.

ஏன் பன்றி

எலியின் நுரையீரல் தப்பியதற்கு அப்போதே ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. எலியின் மூச்சுப்பாதையில் குளோரைடு வெளியேறக் கால்சியத்தால் திறக்கும் வேறொரு வாசலும் இருக்கிறது, ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று சமாளித்துவிடுகிறது என்றார்கள். அதோடு உடலமைப்பிலும் பெரிய வேறுபாடு உண்டு. மனிதர்களுக்கு மூச்சுக்குழாய்ச் சுவரின் உட்பகுதியில், கிளைகள் வரை, சளிச் சுரப்பிகள் பரவியிருக்கும். எலிக்கு அவை மூச்சுக்குழலின் மேல்பகுதியோடு நின்றுவிடும். சளி நோயை ஆராய வந்தவர்களுக்குச் சளிச் சுரப்பியே இல்லாத நுரையீரல் எதற்கு உதவும்?

பன்றியின் நுரையீரல் அளவிலும், சுரப்பிகள் அமைந்த விதத்திலும் மனித நுரையீரலுக்கு நெருக்கமானது. மனிதர்களுக்கான சிடி ஸ்கேன், மூச்சுக்குழாய்க்குள் விடும் கருவி எல்லாவற்றையும் அப்படியே பயன்படுத்தலாம். எலியைப் போல இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடாது என்பதால் நாள்பட்ட நோயைத் தொடர்ந்து கவனிக்க முடியும். குரங்கு இன்னும் நெருக்கம்தான். ஆனால் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி, வளர ஆண்டுக்கணக்கு, அதற்கு மேல் அறம் சார்ந்த எதிர்ப்பு. பன்றி 114 நாள் சினையில் ஒரு கூட்டம் குட்டிகளைப் போட்டுவிடும். நோயைச் சுமக்கும் இரண்டை இணைசேர்த்தால் நான்கில் ஒன்றுதான் நோயோடு பிறக்கும் என்கிற கணக்கில் இது சின்ன விஷயமில்லை.

ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அயோவா மாநிலத்தில் மனிதர்களைவிடப் பன்றிகள் பல மடங்கு அதிகம். கொட்டில் கட்டத் தெரிந்தவர்கள், பேறு பார்க்கத் தெரிந்தவர்கள், பன்றிக்குக் காய்ச்சல் வந்தால் நடையைப் பார்த்தே சொல்லிவிடுபவர்கள் அங்கே நிறைய. ஆய்வுக் கட்டுரைகளில் இப்படிப்பட்டவர்கள் பெயர் வருவதில்லை. ஆனால் இந்தத் திட்டத்தை இன்னொரு நகரத்து மருத்துவக் கல்லூரியில் தொடங்கியிருந்தால் பாதியில் நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அயோவா பக்கம் தலைமை தாங்கியவர் நுரையீரல் ஆய்வாளர் மைக்கேல் வெல்ஷ். மிசூரி பக்கம் ராண்டல் பிரேதர். பன்றி உறுப்பை மனித உடல் நிராகரிக்கக் காரணமான ஒரு மரபணுவை முடக்கிய குளோன் பன்றிகளை 2002இல் உருவாக்கிக் காட்டிய குழு அவருடையது. 2008 கட்டுரையின் முதல் பெயர் கிறிஸ்டோஃபர் ராஜர்ஸ்.

செல்லிலிருந்து குட்டி வரை

இன்றைக்கு ஒரு மரபணுவை வெட்ட வேண்டுமென்றால் கிரிஸ்பர் இருக்கிறது. அன்றைக்கு அது இல்லை. எலியில் மரபணு மாற்றம் எளிதாக நடந்ததற்குக் காரணம் கருவிலிருந்து எடுத்த தண்டுச் செல்கள். ஆய்வகத்தில் அவை பெருகிக்கொண்டே இருக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். பன்றிக்கு அப்போது அப்படிப்பட்ட செல் வரிசை இல்லை. அதனால் சினைக்கருவின் தோலடிச் செல்களை எடுத்துக்கொண்டார்கள். இவற்றோடு ஒரு தொல்லை: கொஞ்ச நாள் பெருகும், அப்புறம் கிழடுதட்டி நின்றுவிடும். அதற்குள் மரபணுவை மாற்றி, மாறிய செல்லைக் கண்டுபிடித்து, கெடாமல் உறையவைத்துவிட வேண்டும்.

டிஎன்ஏவை உள்ளே கொண்டுபோக அவர்கள் பயன்படுத்தியது ஏஏவி என்னும் தீங்கற்ற சிறு வைரஸ். சரியான இடத்தில் போய் உட்காரும் வாய்ப்பு சாதாரண முறைகளைவிட இதில் அதிகம். அதிகம் என்றாலும் மாறுகிற செல்கள் சொற்பமே. சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டுகளில் செல்களைப் பிரித்துப் போட்டு, குழி குழியாகச் சோதித்து, மாறியவற்றைப் பொறுக்கினார்கள். மரபணுவை முற்றிலும் முடக்கிய செல்கள் ஒரு வகை, எஃப்508டெல் பிழையை வைத்த செல்கள் இன்னொரு வகை. இரண்டிலும் ஒரு பிரதி மட்டுமே மாறியிருந்தது.

பிறகு குளோனிங். பன்றிக் கருமுட்டையின் உட்கருவை நீக்கிவிட்டு, மாறிய செல்லை அதனுள் இணைத்து, அப்படிச் செய்த கருக்களை மொத்தமாக ஒரு வாடகைத் தாய்ப்பன்றியின் வயிற்றில் வைக்க வேண்டும். பெரும்பாலானவை தங்காது. தங்கிப் பிறந்தவை நோயைச் சுமக்கும் பன்றிகள். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. அவற்றை வளர்த்து, பருவம் வந்ததும் ஆணையும் பெண்ணையும் இணைசேர்த்து, 114 நாள் பொறுத்திருந்த பிறகுதான் இரண்டு பிரதியும் முடங்கிய முதல் குட்டி கிடைத்தது. முடங்கிய குட்டியையே வளர்த்து இனப்பெருக்கம் செய்யலாமே என்று கேட்கலாம். அது உயிரோடு நிற்பதே அரிது. அப்படியே நின்றாலும் ஆண் குட்டிகளுக்கு விந்துக்குழாய் சரியாக உருவாகியிருக்காது. இந்த நோயுள்ள ஆண்களுக்கும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் சுமப்பவர்களையே இணைசேர்த்து, நான்கில் ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறந்த முதல் நாள்

குட்டிகள் கூடப்பிறந்தவற்றைப் போலவே எடையோடு பிறந்தன. எழுந்து முலை தேடின. பிறந்ததும் முதலில் கழிக்கும் மலமான காட்டுப்பீ மட்டும் வெளியேறவில்லை. வயிறு உப்பியது, பால் குடிப்பதை நிறுத்தின, வாந்தி எடுத்தன. திறந்து பார்த்தபோது சிறுகுடலில் கரும்பச்சையாய், பிசினைப்போல் இறுகிய அடைப்பு. அதற்கு மேலே குடல் வீங்கிப் புடைத்திருந்தது, கீழே பெருங்குடல் பயன்படாமல் சுருங்கி ஒடுங்கியிருந்தது. கணையம் சிறுத்துச் சிதைந்திருந்தது. பித்தப்பை சுண்டிப்போய், உள்ளே உறைந்த பித்தமும் சளியும். கல்லீரலில் அங்கங்கே தழும்பின் தொடக்கம். இந்த நோயோடு பிறந்து இறந்த மனிதக் குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்த எவருக்கும் இது பழகிய படம். எலியில் கணையம் அவ்வளவாகக் கெட்டதில்லை என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரல்? சுத்தமாக இருந்தது. அழற்சி இல்லை, சளி அடைப்பு இல்லை. எலியைப் போலவே இதுவும் ஏமாற்றிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றும். ஆனால் மனிதக் குழந்தைக்கும் பிறக்கும்போது நுரையீரல் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். இனி குட்டியை வாழவைத்துப் பார்க்க வேண்டும்.

வாழவைப்பதுதான் பெரும்பாடு. மனிதக் குழந்தைகளில் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மட்டுமே வரும் குடலடைப்பு, பன்றிக் குட்டிகளில் எல்லாவற்றுக்கும் வந்தது. அறுவை செய்யாவிட்டால் ஓரிரு நாளில் சாவு. பன்றிக்குச் சினையில் இருக்கும்போது தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போகாது; பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலில்தான் எல்லாம் கிடைக்க வேண்டும். குடல் அடைத்த குட்டிக்கு அதுவும் சிக்கல். ஒன்றரைக் கிலோகூடத் தேறாத குட்டியை மயக்கி, வயிற்றைத் திறந்து, குடலை வெளியே திறப்பாக வைத்துத் தைத்து, கண்விழித்துப் பார்த்துக்கொண்டு, கணைய நொதியும் வைட்டமின்களும் வேளாவேளைக்குக் கொடுத்து வளர்த்தார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பதெல்லாம் பன்றிக் கொட்டிலில் நடந்தது. அப்படியும் பல குட்டிகள் போய்விட்டன.

இந்தத் தொல்லைக்கு அதே குழு 2013இல் ஒரு வழி காட்டியது. குடலில் மட்டும் வேலை செய்யும்படி சிஎஃப்டிஆர் மரபணுவைத் திரும்பச் சேர்த்த பன்றிகளை உருவாக்கினார்கள். சில குட்டிகளுக்குக் குடல் அடைக்கவில்லை. கணையம், கல்லீரல், நுரையீரல் நோய்கள் மட்டும் அப்படியே வந்தன. விலங்கின் துன்பத்தைக் குறைத்தது என்பதற்காகவே இதைக் குறிப்பிட வேண்டும். ஆய்வு நோக்கில் பார்த்தாலும் லாபம்தான், ஏனென்றால் அறுவையால் உண்டான மாற்றம் எது, நோயால் உண்டானது எது என்ற குழப்பம் போய்விட்டது.

கிருமி முதலா, அழற்சி முதலா

பிழைத்த குட்டிகளின் நுரையீரல் சில மாதங்களில் கெடத் தொடங்கியது. அழற்சி, கிருமித்தொற்று, சளி அடைப்பு, மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்தல் எல்லாம் மனிதர்களிடம் காண்பது போலவே, இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் வந்தன. 2010இல் டேவிட் ஸ்டோல்ட்ஸ் முதலானோர் இதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது மாதக்கணக்கில் வந்த நோயைவிடப் பிறந்த சில மணி நேரத்தில் பார்த்தது. நோய்க்குட்டிகளின் நுரையீரலில் கிருமிகள் கூடுதலாக இருந்தன, அழற்சி இல்லை. வெளியிலிருந்து ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தபோதும் நோய்க்குட்டிகளால் அதைச் சரியாக ஒழிக்க முடியவில்லை. அதாவது அழற்சி கிருமியை வரவழைக்கவில்லை. கிருமியை விரட்டும் திறன் பிறவியிலேயே குறைந்திருக்கிறது. அழற்சி அதன் பின்னால் வருகிறது. பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பன்றி ஒரே நாளில் பதில் சொன்னது.

ஏன் விரட்ட முடியவில்லை? இதற்கு நீண்ட நாளாக இருந்த பதில், சோடியம் அளவுக்கு மீறி உறிஞ்சப்படுகிறது, அதன் பின்னால் நீரும் போய்விடுகிறது, மூச்சுப்பாதை காய்ந்து சளி ஒட்டிக்கொள்கிறது என்பது. வட கரோலினா ஆய்வாளர்கள் பலமாக ஆதரித்த கருத்து இது. 2004இல் சோடியத்தை அதிகம் உறிஞ்சும்படி மாற்றிய ஓர் எலிக்குச் சளியடைப்பு நோய் வந்ததும் அதற்கு வலுச் சேர்ந்தது. உப்புநீர் ஆவியை இழுத்தால் நோயாளிகளுக்கு நல்லது என்று 2006இல் மருத்துவ ஆய்வுகளும் காட்டின. (கடலில் அலைச்சறுக்கு ஆடும் ஆஸ்திரேலிய நோயாளிகளுக்கு நுரையீரல் நன்றாக இருப்பதைக் கவனித்ததிலிருந்து இது தொடங்கியது என்பது இந்தத் துறையில் எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை.) ஆனால் புதிதாகப் பிறந்த பன்றிக்குட்டியின் மூச்சுப்பாதையை அளந்து பார்த்த அயோவா குழு, 2010இல் வேறு மாதிரிச் சொன்னது: குளோரைடும் பைகார்பனேட்டும் போவது நின்றிருக்கிறது, சோடியம் உறிஞ்சுவது கூடவில்லை. மூச்சுப்பாதையை மூடியிருக்கும் திரவமும் குறைந்திருக்கவில்லை.

அடுத்து வந்த இரண்டு சோதனைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், கைவேலை அழகாக இருப்பதால்.

முதலாவது 2012இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பொடிசான தங்க வலைத்துண்டு ஒன்றில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளை ஒட்டவைத்தார்கள். மயக்கத்தில் இருக்கும் குட்டியின் மூச்சுப்பாதைச் சுவரில் அதை ஒரு நிமிடம் வைத்து எடுத்தார்கள். உயிருள்ள கிருமி ஒரு நிறத்திலும் செத்தது இன்னொரு நிறத்திலும் தெரியும்படி சாயமேற்றி எண்ணினார்கள். கிருமி ஒட்டியே இருப்பதால் இருமலாலோ சளியாலோ அடித்துச் செல்லப்பட வழியில்லை; திரவத்துக்குக் கொல்லும் சக்தி எவ்வளவு என்பது மட்டும் தெரியும். நோய்க்குட்டிகளில் கொல்லப்பட்டவை குறைவு. கிருமியைக் கொல்லும் பொருள்களின் அளவு குறையவில்லை, ஆனால் திரவத்தில் அமிலத்தன்மை கூடியிருந்ததால் அவற்றால் சரியாக வேலை செய்ய முடியவில்லை. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் வராததால் வந்த வினை. நோய்க்குட்டியின் மூச்சுப்பாதைக்குள் சோடியம் பைகார்பனேட்டைத் தெளித்தபோது கொல்லும் சக்தி கூடியது. நல்ல குட்டியின் திரவத்தை அமிலமாக்கினால் சக்தி குறைந்தது. இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்திருப்பதால் இந்தச் சோதனை மீது நம்பிக்கை வருகிறது.

இரண்டாவது 2014இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அரை மில்லிமீட்டர் விட்டம்கூட இல்லாத டான்டலம் உலோகத் தகடுகளை மூச்சுப்பாதைக்குள் தூவி, அவை மேலேறி வருவதை சிடி ஸ்கேனில் தொடர்ந்தார்கள். சளி சுரக்கும்படி தூண்டியபோது நோய்க்குட்டிகளில் பல தகடுகள் நகராமல் நின்றுவிட்டன. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தன. மூச்சுக்குழலை வெளியே எடுத்து உப்புநீருக்குள் முழுவதும் மூழ்கவைத்துப் பார்த்தபோதும் இதேதான். காய்ந்துபோனதால் ஒட்டவில்லை என்பது அதில் தெளிவானது. சுரப்பியின் வாயிலிருந்து சளி நூலாக வெளிவருகிறது, ஆனால் வாயை விட்டுப் பிரியவில்லை. கட்டிப்போட்டது போல அங்கேயே ஆடிக்கொண்டிருக்கிறது. சுரப்பி இல்லாத எலி நுரையீரலில் இதை எக்காலத்திலும் பார்த்திருக்க முடியாது.

எலிக்கு என்ன ஆயிற்று என்ற பழைய கேள்விக்கும் பன்றி வழியாகவே பதில் வந்தது. ஏடிபி12ஏ என்ற ஒரு புரதம் மூச்சுப்பாதைத் திரவத்துக்குள் அமிலத்தைத் தள்ளுகிறது. மனிதர்களுக்கும் பன்றிக்கும் அது உண்டு. எலியின் மூச்சுப்பாதையில் அது மிகக் குறைவு. பைகார்பனேட் வராவிட்டாலும் எலிக்கு அமிலம் கூடுவதில்லை. அந்தப் புரதத்தை நோய் எலியின் மூச்சுப்பாதையில் சேர்த்ததும் அதற்கும் கிருமியை ஒழிக்கும் திறன் குறைந்தது. 2016இல் வெளிவந்த இந்த முடிவை எலி, பன்றி இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் கண்டிருக்க முடியாது.

பன்றியில் பார்த்து, குழந்தையில் தேடியது

நோய்க்குட்டிகளின் மூச்சுக்குழல் பிறக்கும்போதே குறுகலாக, வட்டம் கெட்டு இருந்தது. குருத்தெலும்பு வளையங்களே ஒழுங்காக அமையவில்லை. மூச்சுக்குழல் கோளாறு தொற்றினால் பின்னால் வருவது என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். உடனே இந்த நோயுள்ள சிறு குழந்தைகளின் சிடி ஸ்கேன் படங்களை எடுத்து அளந்தார்கள். அங்கேயும் மூச்சுக்குழல் முழு வட்டமாக இல்லை. 2010இல் இரண்டையும் ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் இன்னொன்று: குட்டிகளின் ரத்தத்தில் வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன் பிறக்கும்போதே குறைவாக இருந்தது. குழந்தை பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்துத் தாளில் உலரவைக்கும் ரத்தப் பொட்டுகளில் தேடினார்கள். நோயுள்ள குழந்தைகளுக்கும் குறைவு. இந்தக் குழந்தைகள் வளராமல் போவதற்குச் சத்துக்குறைவு ஒன்றே காரணம் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

இந்த இரண்டும் பல ஆண்டுகளாகக் குழந்தைகளிடம் கண்ணெதிரே இருந்தவைதாம். யாருக்கும் தேடத் தோன்றவில்லை.

எல்லாம் பொருந்திவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குடலடைப்பு நூற்றுக்கு நூறு வருவது மனித நோயிலிருந்து பெரிய விலகல். அமிலத்தன்மை விஷயத்தில் இன்னும் பெரிய தகராறு இருக்கிறது. பச்சிளம் குழந்தைகளின் மூக்குத் திரவத்தில் அமிலம் கூடியிருப்பதாக ஒரு சிறிய ஆய்வு சொன்னது. ஆனால் 2017இல் குழந்தைகளின் மூச்சுப்பாதைக்குள்ளேயே அளவுகோலை விட்டு அளந்த வேறொரு குழு, நோயுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமில்லை என்றது. பிறந்த நாள் பன்றியையும் சில வயதுக் குழந்தையையும் ஒப்பிடலாமா, தொற்றும் அழற்சியும் வந்த பிறகு அமில அளவு மாறிவிடுமா என்று வாதம் போகிறது. சளி பிரியாமல் நிற்பது என்ற முடிவுதான் இரண்டில் உறுதியானதாக எனக்குப் படுகிறது; அமிலக் கதை பன்றியில் உண்மை, மனிதரில் எந்த வயது வரை உண்மை என்பது தீரவில்லை.

மருந்து வேறு வழியாக வந்தது

இந்தப் பன்றி வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நோயின் போக்கையே மாற்றிய மருந்துகள் வந்தன. ஐவகாஃப்டர் 2012இல், மூன்று மருந்துகள் சேர்ந்த ட்ரைகாஃப்டா 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டாவது மருந்து எஃப்508டெல் ஒரு பிரதி இருந்தாலும் பயன்படும் என்பதால் அமெரிக்க நோயாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் அதற்குள் வந்துவிட்டார்கள். இவற்றைக் கண்டுபிடித்தது எப்படி? மனித சிஎஃப்டிஆர் புரதத்தைச் செய்யவைத்த செல்களில் ஏராளமான வேதிப்பொருள்களைச் சலித்து, தேறியவற்றை நோயாளிகளின் நுரையீரலிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் சோதித்து. பன்றிக்கு இதில் சொல்லிக்கொள்ளும்படி பங்கில்லை.

எஃப்508டெல் பன்றியும் இருந்தது; 2011இல் வெளியானது. அதற்கும் நோய் வந்தது. ஆனால் பன்றியின் புரதம் மனிதப் புரதத்தைப் போல எழுத்துக்கெழுத்து ஒன்றல்ல. மடிப்பைச் சரிசெய்யும் மருந்து ஒரு புரதத்தின் குறிப்பிட்ட இடுக்கில் போய்ப் பொருந்த வேண்டியது. அதைத் தேட மனிதச் செல்லே நல்ல இடம், செலவும் கொஞ்சம். பெரிய விலங்கு மாதிரிக்குப் பணம் கேட்கும் விண்ணப்பங்களில் 'புதிய சிகிச்சைகளுக்கு வழிவகுக்கும்' என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை வைத்து மட்டும் மதிப்பிட்டால் இந்தப் பன்றிக்குப் பாஸ் மார்க் கிடைப்பது கஷ்டம்.

பெரிய விலங்கிலிருந்து மருந்து வரவே வராது என்றும் இல்லை. ஆர்பிஇ65 என்ற மரபணு கெட்டுப் பிறவியிலேயே பார்வை மங்கிய பிரியார்ட் இன நாய்களுக்கு 2001இல் மரபணு சிகிச்சையால் பார்வை திரும்பியது. அதே வழியில் வந்த லக்ஸ்டர்னா 2017 டிசம்பரில் மனிதர்களுக்கு அனுமதி பெற்றது. அங்கே கண் என்ற சிறிய, மூடிய உறுப்பு; இயற்கையாகவே அந்தப் பிழையைச் சுமந்த நாய்; ஒரு ஊசியில் மரபணுவைக் கொண்டுசேர்க்கலாம். சளி அடைத்த நுரையீரலில் கோடிக்கணக்கான செல்களுக்கு மரபணுவைக் கொண்டுசேர்ப்பது வேறு வேலை.

அந்த வேறு வேலையில்தான் பன்றிக்கு இனிப் பங்கிருக்கிறது. புரதமே உருவாகாமல் செய்யும் பிழைகளை இரண்டு பிரதியிலும் கொண்டவர்களுக்கு ட்ரைகாஃப்டா பயன்படாது, திருத்துவதற்கு அங்கே புரதமே இல்லை. இந்தியாவில் கண்டறியப்படும் நோயாளிகளில் எஃப்508டெல்லின் பங்கு ஐரோப்பியரைவிடக் குறைவு, ஆகவே மேலே சொன்ன 90 சதவீதக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. மருந்து அமெரிக்காவில் ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் பட்டியல் விலையில் வந்தது என்பது தனிக் கதை. பிழை எதுவானாலும் நல்ல மரபணுவையே கொண்டுபோய் வைக்கும் சிகிச்சை வந்தால்தான் இப்படி விடுபட்டவர்களுக்கு வழி. 2016இல் அயோவா குழுக்கள் இரண்டு வெவ்வேறு வைரஸ்களில் நல்ல சிஎஃப்டிஆர் மரபணுவை ஏற்றி நோய்ப் பன்றிகளின் மூச்சுப்பாதைக்குள் செலுத்தின. குளோரைடு போக்குவரத்து ஓரளவு திரும்பியது, திரவத்தின் அமிலம் குறைந்தது, கிருமி கொல்லும் சக்தி கூடியது. எதை அளந்தார்கள் என்று பாருங்கள். எல்லாமே முன்னால் பன்றியில் கண்டுபிடித்த அளவுகோல்கள். நோய் முற்றி நுரையீரல் சிதையும்வரை காத்திருக்காமல் சில வாரங்களிலேயே சிகிச்சை வேலை செய்கிறதா என்று சொல்ல முடிந்தது அதனால்தான்.

பன்றி தனியாகவும் இல்லை. அதே அயோவாவில் ஜான் எங்கல்ஹார்ட் குழு ஃபெரெட் என்னும் கீரி போன்ற விலங்கில் இதே மரபணுவை மாற்றியது. அது பெரிய விலங்கல்ல; ஆனால் சினை 42 நாள்தான், நுரையீரல் நோயும் நன்றாக வருகிறது. சினையாக இருக்கும் தாய்க்கே ஐவகாஃப்டர் கொடுத்தால் பிறக்கும் குட்டியின் குடலடைப்பும் கணையச் சேதமும் குறைவதாக 2019இல் அங்கிருந்து செய்தி வந்தது. மூன்று ஆண்டுகளில் மனிதரிலும் நடந்தது: கருவிலிருக்கும் குழந்தைக்குக் குடலடைப்பு தெரிந்ததும், நோயைச் சுமப்பவரான தாய் ட்ரைகாஃப்டா எடுத்துக்கொண்டார், அடைப்பு நீங்கியது என்று 2022இல் ஒரு நோயாளி அறிக்கை வெளியானது. யூட்டாவில் 2018இல் கிரிஸ்பர் கொண்டு உருவாக்கிய செம்மறி ஆடும் இருக்கிறது. பன்றிக்கு ஆண்டுக்கணக்கில் ஆன செல் மாற்றும் வேலை கிரிஸ்பர் வந்ததும் சுருங்கிவிட்டது. குறையாதது அதன் பிறகான செலவு: கொட்டில், தீவனம், இரவுப் பணி, குடல் அறுவை, நான்கில் ஒன்று என்ற கணக்கு. இன்னொரு நோய்க்கு இன்னொரு பெரிய விலங்கை உருவாக்கப் போகிறவர்கள் மரபணுவை வெட்டும் செலவைப் பெரிதாக எழுதி இந்தச் செலவைச் சிறிதாக எழுதினால், திட்டம் முதல் ஈற்றோடு நின்றுவிடும்.